அண்ணன் பக்கத்து மெஷ் பெட்டி

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் பங்கு போடாமல் விட்டுப்போனது வைஃபை ஒன்றுதான். சுவர் எழுந்தபோது தறி ஓடும் நடுக்கூடம் அண்ணனுக்குப் போனது. முன்னறையும், பின்னால் சமையலறையும், இரண்டுக்கும் நடுவே ஒரு சந்தும் எனக்கு வந்தன. முன்னறை வைஃபை சமையலறையை எட்ட, சிக்னலை வாங்கிக் கடத்திவிட நடுவில் ஒரு மெஷ் பெட்டி வேண்டும். அது அண்ணன் கூடத்திலேயே இருந்தது. அவர்கள் வீட்டுக்கும் அதுதான் இணைப்பு. சுவருக்குப் பிறகு எங்களுக்குள் மிச்சமிருந்த ஒரே போக்குவரத்து. அதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று உள்ளூர நினைத்திருந்தேன்.

பிறகுதான் வைஃபையில் பாடும் ஸ்பீக்கர் வாங்கினேன்.

கூடத்தில் அண்ணன் விசைத்தறி போட்டதிலிருந்து எங்கள் பக்கத்தில் பேச்சே கேட்காது. நானும் மனைவியும் சண்டையில்லாமல் வாழ்ந்ததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அறைக்கொரு ஸ்பீக்கர் வைத்து எல்லாவற்றிலும் ஒரே பாட்டை ஓடவிட்டதும் தறிச்சத்தம் அமுங்கியது. கொஞ்ச நாள்தான். சமையலறை ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிவிட்டது.

அணைத்துப் போட்டேன். ரீசெட் செய்தேன். இரும்பு சிக்னலைத் தின்னும் என்று எங்கோ படித்து, பட்டுப்புடவை அடுக்கிய பீரோவை நகர்த்தினேன். முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் உதவி மையத்துக்குப் போன் செய்தேன்.

"நடுவுல இருக்கிற யூனிட்ல லைட் எரியுதா சார்?" என்றாள் அந்தப் பெண்.

"அது எங்க அண்ணன் வீட்ல இருக்குதும்மா."

"அவர் வெளியூரா சார்?"

"செவுத்துக்கு அந்தாண்ட."

"போய்ப் பாத்துட்டு வாங்க சார், லைன்ல இருக்கேன்."

ஒரு பெண்ணை அத்தனை நாள் லைனில் நிற்கவைப்பது நியாயமில்லை என்று வைத்துவிட்டேன்.

"கேட்டா இன்னா கொறஞ்சிடுவீங்க?" என்றாள் மனைவி. பிறகு, கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு உங்க அண்ணிகிட்ட சும்மா சிரிச்சிகினுதான் சொன்னேன். இப்பல்லாம் பாட்டு போட்டுட்டா உங்க தறி ரோதனையே காதுல வுழறதில்ல அக்கான்னு."

எனக்குக் கோளாறு தெரிந்துவிட்டது. போனேன்.

"வாங்க," என்றார் அண்ணன். தம்பிக்கு மரியாதை கூடினால் ஆபத்து.

"அந்தப் பெட்டில லைட் எரியுதான்னு பாக்கணும்ண்ணா."

"எரியாது. நான்தான் புடுங்கிப்போட்டேன்." தறியை நிறுத்தவில்லை, கத்தித்தான் பேசினார். "எங்க சத்தம் கேக்கக் கூடாதுன்னு நீங்க பாட்டு போடுவீங்க. அதுக்கு எங்க கூடத்துலேர்ந்தே வழி வுடணுமா? இந்தச் சத்தத்துலதான்டா நாங்க சோறு துன்னுகினு கீறோம்."

தப்புதான் அண்ணா என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் நான் படித்தவன், நகைச்சுவை உணர்வு உள்ளவன். "புடுங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா பீரோவாவது தப்பிச்சிருக்கும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியின் ஒயரை ஒழுங்காகச் சுற்றி, மேலே படிந்த தூசியைத் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். "உம் பொருள் எங்கிட்ட எதுக்கு? எடுத்துனு போ."

பெட்டியைச் சந்தில் மாட்டினேன். எல்லா ஸ்பீக்கரும் பிசிறில்லாமல் பாடுகின்றன. போனில் நெட்வொர்க் தேடினால் இப்போது புதிதாக ஒரு பெயர் வருகிறது, அண்ணனுடையது, பக்கத்தில் சின்னப் பூட்டுப் படத்தோடு. எங்கள் சமையலறையில் எங்கள் வைஃபையைவிட அதற்குத்தான் சிக்னல் அதிகம்.