சாம்பிராணி போடாத படையல்: கோம்பைக்கு ஒரு நாள்

முதல் உலகப் போரின் காரணங்களையும் புதிய ஆயுதங்களையும் வருஷத்துக்கு நாலு தடவை போர்டில் எழுதிப் போடுகிறவள் நான். மதுரையில் ஒரு தேர்வுப் பயிற்சி மையத்தில் வரலாறு எடுக்கிறேன். அங்கே கணக்கு எடுக்கும் செல்வராணி, "எங்க பூட்டனாரு அந்தச் சண்டையிலதேன் செத்தாருக்கா. சித்திர அமாவாசைக்குக் கோம்பையில படையல், வாங்க" என்றாள். கூப்பிட்டால் விடுவேனா?

ஆரப்பாளையத்தில் காலை ஐந்தே முக்கால் பஸ். தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே கம்பம் பஸ்ஸுக்கு மாறி, வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மலை கூடவே வரும். உத்தமபாளையத்தில் இறங்கினால் கோம்பைக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். "நாய்க்குட்டி வாங்கவா மேடம்?" என்றார் டிரைவர். கோம்பை வேட்டை நாய்க்குப் பேர்போன ஊர். படையலுக்கு என்றேன். "அப்ப இருநூறுதேன். நாய் வாங்க வர்றவுகளுக்கு வேற ரேட்டு."

வெறுங்கையோடு போகக்கூடாது என்று பழத்தோடு ஊதுபத்தியும் சாம்பிராணியும் வாங்கியிருந்தேன். வாசலிலேயே செல்வராணி ஊதுபத்தி, சாம்பிராணிப் பொட்டலத்தை மட்டும் பிடுங்கி ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டாள். "இங்கன இது ஆகாதுக்கா." வீட்டில் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. சமையலைத் தோட்டத்திலேயே முடித்து, அடுப்பை நீர் தெளித்து அணைத்திருந்தார்கள். இலையில் சோறு, அமாவாசை என்றாலும் கறிக்குழம்பு, முட்டை. இலைக்குப் பக்கத்தில் நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்று.

"பிரான்சுல கோவேறு கழுத ஓட்டப் போனாரு" என்றார் செல்வராணியின் அம்மா தெய்வானை. "மஞ்சளும் பச்சையுமாப் பொக வந்துச்சாம். ஈரத்துணி வச்சு மூக்கப் பொத்துனவுக பொழச்சாக. இவருக்குத் துணி கெடைக்கலன்னு, கூடப் போனவுக வந்து சொன்னாக."

விஷவாயு என்று நான் ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போவேன். அந்த ஈரத்துண்டு எதற்கு என்று இப்போது புரிந்தது. போருக்குக் காரணம் என்றால் கூட்டணிகள், காலனிப் போட்டி, இளவரசர் கொலை என்று வரிசையாகச் சொல்வேன். இந்த வீட்டுக்குக் காரணம் ஒன்றுதான்: தொடர்ந்து மழை பெய்யவில்லை, சம்பளம் என்றார்கள், போனார்.

சாப்பாட்டுக்கு முன்னால்தான் என்னைக் கூப்பிட்ட உண்மையான காரணம் தெரிந்தது. செல்வராணியின் தம்பி முருகன், இன்னும் கல்யாணமாகாதவன், ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் ட்ரோன் வைத்து மருந்து அடிக்கிறவன். இப்போது சண்டை நடக்கும் ஒரு நாட்டில் ட்ரோன் ரிப்பேர் வேலை என்று ஏஜென்ட் ஒருவன் ஆசை காட்டியிருக்கிறான். அடுத்த வாரம் விமானம். இந்த வீட்டில் வெளியூர் போகிறவர்களுக்குப் படையலில் வைத்த திருநீறு பூசித்தான் அனுப்புவார்கள். டீச்சர் சொன்னால் கேட்பான் என்று அம்மாவும் மகளும் பேசி வைத்திருக்கிறார்கள். எனக்கு முதலில் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

"நான் ரொம்பப் பின்னாடி இருப்பேன் டீச்சர். சண்டைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல" என்றான் முருகன்.

"உங்க பூட்டனாரும் பின்னாலதான் இருந்திருப்பார் முருகா. கழுதை ஓட்டத்தானே போனார்?"

"அது காத்துல வந்த பொக டீச்சர்."

"உன் ட்ரோன் எவ்வளவு தூரம் போகும்?"

சிரித்தான். "இது தோட்டத்தத் தாண்டாது. அங்கன உள்ளதெல்லாம் எத்தன கிலோமீட்டர் போயி, ஆளத் தேடி..." பாதியில் நிறுத்திவிட்டான்.

தெய்வானை அழவில்லை, சத்தமும் போடவில்லை. திருநீற்றுத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஏலே முருகா, அவரு ஒரு புள்ளயப் பெத்துட்டுப் போனாரு. அதனால இன்னைக்கு எல போட நாங்க இருக்கோம். ஒனக்கு யாருலே போடுவா?"

முருகன் திருநீறு கேட்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், குழம்பு பிரமாதம். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். வழி முழுக்க எனக்கு அந்தப் பையனைப் பற்றிய பயம்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சித்திரையில் வெயில் கடுமை, கார்த்திகைக்கு மேல் போனால் சுகம். படையல் அவர்கள் வீட்டு விஷயம், அதைப் பார்க்கக் கிளம்பாதீர்கள். திராட்சைத் தோட்டம் பார்க்க வேண்டுமானால் சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டிக்குப் பஸ் உண்டு. காற்று கிளம்பும் முன், காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். மருந்தடிக்கும் ட்ரோன் தலைக்கு மேல் வந்தால் தள்ளி நின்று கை காட்டுங்கள். ஓட்டுகிறவன் முருகன்தான். அவன் போகவில்லை.