சக்கரத்தை நிறுத்திய ழ

தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பல் அடுக்குவாள். விடுமுறை வந்தால் வீட்டுப் பின்னறையில் எழுத்து அடுக்குவாள். மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து வாங்கிய மர எழுத்துகளும், காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரமும் அங்கே இருந்தன. ஒரு தாளில் ஒரே ஓர் எழுத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டும் படமாக்குவாள். "பல்லு போதாதுன்னு எழுத்தையும் பிடுங்கிட்டு வந்துட்டா" என்பார் கணவர்.

அந்த அறையில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். இந்த ஊரில் வேலை கிடைத்திருந்தது, வீட்டில் வேறு இடமில்லை. கட்டில் போடுவதற்காக ஓர் எழுத்துப் பெட்டியை நகர்த்தப்போய்த் தரையில் கொட்டிவிட்டாள். "உனக்குக் கண்ணு பின்னந்தலையிலயா இருக்கு?" என்று பல்லக்கா கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே அறையில் ஒருத்தி மிதிப்பாள், இன்னொருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

ஓர் ஓவியக் கண்காட்சிக்கு அவள் படம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிய ஒரு மதியம். முதலில் நீலப் பின்னணி, அதன்மேல் கறுப்பில் ழ. தேடி அலைந்து கிடைத்த அந்த ழ, உள்ளங்கையைவிடப் பெரியது. அதைத் துடைத்து மேசையில் தயாராக வைத்துவிட்டு நீலம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தாள் கோணலாக விழுந்தது. மிதிப்பதை நிறுத்தாமலே நேராக்கக் கையை நீட்டினாள். கணவரின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். அதன் கை நுனி, தாளைப் பிடிக்கிற இரும்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. காலை எடுத்துவிட்டாள். இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த பெரிய சக்கரம் ஓடிய வேகத்தில் நிற்கவில்லை. தாளை எழுத்தோடு அழுத்தும் இரண்டு இரும்புப் பலகைகளும் நெருங்கி வந்தன.

"ஐயோ!"

நாத்தனார் கட்டிலிலிருந்து ஒரே பாய்ச்சலாக வந்தாள். மேசையில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பலகைகளுக்கு நடுவே குறுக்கே செருகினாள். மரம் படீரென்று பிளந்தது. சக்கரம் நின்றது. கை மட்டும் உள்ளேயே இருந்தது, விரல்கள் நசுங்கியபடி.

"எந்தப் பக்கம் சுத்தணும் அண்ணி?" நாத்தனார் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சொல்லுங்க, தப்பா சுத்தினா கை போயிடும்!"

பல்லக்காவுக்கு மூளை மரத்துப்போயிருந்தது. ஆயிரம் முறை சுற்றிய சக்கரம்; இப்போது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக் காலால் மிதிப்பதுபோல நினைத்துப் பார்த்தாள்.

"உன் பக்கமா... உன் பக்கமா இழு. மெதுவா."

நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். பலகை ஒரு நூல் விலகியது. இன்னும் கொஞ்சம். சட்டை கிழிந்து கை வெளியே வந்தது. நீல மசியும் ரத்தமும் கலந்து சொட்டின.

பல்லக்கா கையைப் பார்க்கவில்லை. "ழ உடைஞ்சிடுச்சா?" என்றாள்.

"விரலைவிட எழுத்தா பெருசு உங்களுக்கு?" என்று கத்தினாள் நாத்தனார். கத்திக்கொண்டே தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

இரண்டு விரல் எலும்பில் விரிசல். பிளந்த ழ பசைக்கு ஒட்டவில்லை. கண்காட்சியில் அவளுக்கு வைத்திருந்த சுவர் வேறொருவருக்குப் போயிற்று. பல்லக்கா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ழ போனதுதான் காரணம்; அதை நாத்தனாரிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு விரல் இன்றும் முழுசாக மடங்காது. பல் கூடத்தில் அவளைப் பல் அடுக்குவதிலிருந்து மெழுகு உருக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

நாத்தனார் பக்கத்துத் தெருவில் தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஆனாலும் அச்சடிக்கிற நாளில் கூப்பிடாமலே வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"கை எங்க?" என்பாள்.

பல்லக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் நாத்தனார் சக்கரத்தை விடுவாள்.