பெயின்டுக்கு அடியில் இருந்த படகு

லாரி வந்த நாள்

படகு, பழைய தங்கச் சுரங்க ஊரான கே.ஜி.எஃப்.பில் ஊரிகத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மங்களூரிலிருந்து இரண்டு நாள் லாரிப் பயணம். இருபத்தாறு அடி நீளம், ஃபைபர் உடம்பு, இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு ஒரு கேபின், துருப்பிடித்த ஒரு சின்ன அடுப்பு, எஞ்சின் குழிக்குள் எலிக்கூடு. லாரி டிரைவர் கீழே இறங்கி எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையைப் பார்த்தார். பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ஏரி எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஏரி இல்லை, ரிப்பேருக்குத்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

நான் இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவள். கடைசிப் பத்து வருடம் வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஒருமுறை புல்டோசர் ஒன்றில் வந்த புகாரைப் பார்க்க மங்களூர் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். வேலை முடிந்த சாயங்காலம் அங்கிருந்தவர்கள் என்னைக் கேபின் வைத்த படகு ஒன்றில் ஆற்றின் முகத்துவாரம் வரை கூட்டிப்போனார்கள். முக்கால் மணி நேரம்தான். ஊருக்குத் திரும்பியும் அது மனதை விட்டுப் போகவில்லை. ரிட்டயர் ஆன அடுத்த வருடம் அதே ஆற்றங்கரையில், மூடிப்போன ஐஸ் ஃபேக்டரி ஒன்றின் பின்னால், தென்னை ஓலைகளுக்கு அடியில் கிடந்த இந்தப் படகைப் பார்த்து வாங்கிவிட்டேன்.

என் கணவர் ராமமூர்த்தி தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். கோபமே வராத மனிதர். "எல்லாரும் பெங்களூர்ல ஃபிளாட் வாங்கறாங்க, நீ படகு வாங்கியிருக்கே. இதுக்கு லிஃப்ட் ரிப்பேர்னு மாசாமாசம் யாரும் வந்து நிக்க மாட்டாங்க, அந்த வரைக்கும் நிம்மதி" என்றார்.

மங்களூரிலேயே ரிப்பேர் செய்திருக்கலாம். அங்கே படகு கட்டுகிறவர்கள் எல்லோரும் மீன்பிடிப் படகுகளில் மூழ்கிக் கிடந்தார்கள். என் படகைத் தொட இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். கே.ஜி.எஃப்.பில் தண்ணீர் கிடையாது, ஆனால் தெருவுக்குத் தெரு ஃபிட்டர், டர்னர், வெல்டர் இருக்கிறார்கள். கை இருக்கிற இடத்துக்கு வேலையைக் கொண்டுவருவோம் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு தப்பவில்லை.

நான் செய்த முதல் தப்பு

வீடியோக்கள் பார்த்துப் படித்தேன். ஃபைபர் படகுக்கு உயிர் அதன் ஸ்ட்ரிஞ்சர். படகின் அடித்தளத்தில் முன்னாலிருந்து பின்னால் வரை நீளவாக்கில் ஓடும் இரண்டு கட்டைகள். உள்ளே மரம், மேலே ஃபைபர் போர்வை. எஞ்சின் அவற்றின் மேல்தான் உட்காரும். அதனால் அவற்றைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் டக்கென்று சொல்லும். உளுத்த மரம் தலையணையைக் குத்தின மாதிரி மொத்தென்று சொல்லும்.

இரண்டாவது நாளே சுத்தியலை எடுத்துக்கொண்டு எஞ்சின் குழிக்குள் இறங்கினேன். நாலு இடத்தில் தட்டினேன். இரண்டு இடத்தில் டக். இரண்டு இடத்தில் மொத்.

இந்த இடத்தில் ஃபைபர் கொஞ்சம் தடிப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே ஏறி வந்தேன். கீழே தரையை அறுத்தால்தான் முழுசாகப் பார்க்க முடியும். எனக்கு அறுக்க மனம் வரவில்லை. மறுநாள் வாட்டர் பேப்பரைக் கையில் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். நாலு மாதம் தேய்த்தேன், பட்டி பார்த்தேன், பெயின்ட் அடித்தேன். வெள்ளை உடம்பு, நீலக் கோடு. சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தனபால்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகள் செய்யவும், எஞ்சின் உட்காரும் பிராக்கெட்டுகள் செய்யவும் ஒரு நல்ல வெல்டர் வேண்டியிருந்தது. எங்கள் ஃபேக்டரியில் நான் பார்த்த வெல்டர்களில் முதல் ஆள் தனபால். மாரிகுப்பத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். அவரைக் கூப்பிடத் தயங்கினேன். காரணம் இருந்தது.

பல வருடங்களுக்கு முன் புல்டோசர் சேசிஸ் ஒன்றில் அவர் போட்ட ஜாயின்டின் எக்ஸ்ரே ஃபிலிமில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றைப் பார்த்தேன். விரிசல் என்று எழுதி ரிஜெக்ட் செய்தேன். மிஷின் வெளியே போக வேண்டிய நேரம் அது. மேலே இருந்தவர்கள் எல்லோரும் அவரைக் கடிந்துகொண்டார்கள். வெளியூர்ப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் ஜாயின்டைத் தோண்டி எடுத்து, தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் நின்று திரும்பப் போட்டார். அதன் பிறகு என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான்.

ஃபோன் செய்தேன். மறுநாள் காலையில் மொபெட்டில் வந்து இறங்கினார். படகை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். ஃபினிஷிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். அவர் போட்ட கைப்பிடிகளில் எங்கே ஜாயின்ட் என்று விரலால் தடவினாலும் தெரியாது. வளைவு ஒவ்வொன்றுக்கும் அட்டைப்பெட்டியை வெட்டி அச்சு எடுத்து, வைத்துப் பார்த்து, அரை நூல் கூடினாலும் திரும்ப வெட்டினார். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் கூப்பிட்டால் வரமாட்டார். படகின் நிழலில் உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸைத் திறப்பார். மூன்றாம் நாளிலிருந்து என் கணவரும் தன் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

டிரில் பிட்டில் வந்தது

கழற்றி அனுப்பியிருந்த எஞ்சினைப் பங்காருபேட்டையில் ஒரு டீசல் மெக்கானிக் புதிது மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டார். படகை மங்களூருக்குக் கொண்டுபோக வெள்ளிக்கிழமை லாரியும் கிரேனும் வருவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை தனபால் பிராக்கெட்டுக்கு போல்ட் ஓட்டை போட எஞ்சின் குழிக்குள் இறங்கினார். டிரில் சத்தம் கேட்டது, உடனே நின்றது. அவர் மேலே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஓட்டை போட்டால் காய்ந்த மரச்சுருள் வரவேண்டும். அவர் கையில் இருந்தது கொதிக்க வைத்து வடிகட்டின டீத்தூள் மாதிரி ஈரமாக, கறுப்பாக இருந்தது.

ஒரு இடத்தில் ஈரம் இறங்கியிருக்கும், ரெசின் பசையை ஊற்றி மூடிவிடலாம் என்றேன். தனபால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம லாரி வர வேணாம்னு சொல்லிடுங்க மேடம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். "நீங்க வெல்டிங் பாக்க வந்தீங்க. மரத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"மரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும்" என்றார். "நீங்க தட்டிப் பாக்காம இருந்திருக்க மாட்டீங்க. இன்னா சத்தம் வந்துச்சி?"

தனபால் படகின் ஏணியில் உட்கார்ந்தார்.

"அந்த டோசர் ஜாயின்ட்ட ரிஜெக்ட் பண்ணீங்களே, ஞாபகம் இருக்குதா? நான் தோண்டித் தொறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல மேடம். சுத்தமா இருந்துச்சி. ஃபிலிம்லதான் கீறல் இருந்திருக்கணும்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தொறந்தாச்சி, பின்னாடி சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குக் கோவம் இருந்துச்சி, இல்லன்னு சொல்லல. ஆனா உங்களுக்கு டவுட் வந்துச்சி, தொறக்கச் சொன்னீங்க. அது சரி. ஆளு மேல உக்காந்து ஓட்டற மிஷின் அது. இதுல நீங்களும் சாரும் உக்காரப் போறீங்க. தொறந்து பாத்துடலாம்."

அவருக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பேசாமல் போல்டை முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் உள்ளே போய் லாரிக்காரருக்கு ஃபோன் செய்தேன்.

ஒன்பது வாரம்

நானே அடித்த பெயின்டை நானே கிரைண்டரால் அறுத்தேன். தரைப்பலகையைத் தூக்கியதும் அடித்த நாற்றத்தில் என் கணவர் தெருவுக்குப் போய்விட்டார். வலது ஸ்ட்ரிஞ்சர் முழுக்கப் போயிருந்தது. இடதில் பாதி. பழைய போல்டு ஒன்றை தனபால் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. முன்னூறு கிலோ எஞ்சினை நான் அதன் மேல் வைத்து ஆற்றில் இறக்க இருந்தேன்.

உளியாலும் கரண்டியாலும் உளுத்த மரத்தைச் சுரண்டி வாளி வாளியாக எடுத்தோம். டேபிள் ஃபேன் வைத்துக் காயவைத்தோம். புது மரைன் பிளைவுட் வெட்டி உட்கார வைத்து, அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காகப் போர்த்த வேண்டும். அறுபத்து மூன்று வயதில் தனபால் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். ஒரு நோட்டில், எந்த நேரத்தில் எவ்வளவு வெயில், ரெசின் எத்தனை நிமிடத்தில் இறுகியது என்று எழுதிக்கொள்வார். வெயில் ஏறினால் ரெசின் சீக்கிரம் இறுகிப்போகிறது என்று தெரிந்ததும், விடிந்தும் விடியாமலும் வந்து எட்டு மணிக்குள் ஒரு அடுக்கை முடித்துவிடுவார்.

மூன்றாவது அடுக்கில் ஒரு சாண் நீளத்துக்குக் காற்றுக்குமிழி நின்றுவிட்டது. நான் பார்க்கவில்லை. மறுநாள் நான் வெளியே வருவதற்குள் அவரே கிரைண்டரை வைத்து முழு அடுக்கையும் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு சாண் மட்டும் எடுத்தால் போதுமே என்றேன். "ஒரு எடத்துல நின்னுச்சின்னா கை அவசரப்பட்டிருக்குதுன்னு அர்த்தம். மத்த எடத்துலயும் பட்டிருக்கும்" என்றார். முப்பத்தோரு வருடத்தில் எந்த வெல்டர் சொல்லியும் நான் கேட்காத வாக்கியம் அது.

தண்ணீரில்

எஞ்சினைப் பொருத்தி முடித்ததும் தனபாலும் எங்களோடு வந்தார். மங்களூரில் கிரேன் பெல்ட்டுகளில் படகு தொங்கி, மெதுவாக ஆற்றில் உட்கார்ந்தது. பெல்ட்டை அவிழ்ப்பதற்கு முன் யாராவது உள்ளே போய் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். தனபாலுக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நான் போறேன் மேடம் என்று சொல்லி டார்ச்சோடு உள்ளே இறங்கினார். பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கிரேன் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். தனபால் அவசரப்படவில்லை.

தலை வெளியே வந்தது. "ஷாஃப்ட் வெளிய போற எடத்துல சொட்டுது. நிமிஷத்துக்கு மூணு சொட்டு. மத்ததெல்லாம் காஞ்சி கெடக்குது" என்றார். புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் சூடாகாமல் இருக்க அந்தச் சொட்டு இருக்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். அப்போதும் அவர் நம்பாமல் இன்னொரு முறை போய் எண்ணிவிட்டு வந்தார்.

படகைப் பரிசோதித்து சர்டிஃபிகேட் கொடுக்க வந்த சர்வேயர் தரைப்பலகையைத் தூக்கச் சொல்லி, ஸ்ட்ரிஞ்சர் நெடுகத் தட்டினார். எல்லா இடத்திலும் டக் என்று ஒரே சத்தம்தான். எந்தப் படகு யார்டில் செய்தது என்று கன்னடத்தில் கேட்டார். கே.ஜி.எஃப். என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தனபாலைக் காட்டினார். சர்வேயர் சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பரிசோதனை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அறிவுரை கேட்டால் இரண்டுதான் சொல்கிறேன். பெயின்ட் கடைசி வேலை. சொந்தப் பொருளைத் தானே பரிசோதிக்கக் கூடாது, ஆசை காதை அடைத்துவிடும். நம்மிடம் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரைக் கூப்பிட வேண்டும். அவர் நம் மேல் கோபமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்று சாயங்காலம் உள்ளூர்ப் படகோட்டி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆற்றில் போனோம். அகலமான இடம் வந்ததும் படகோட்டி ஸ்டியரிங்கை தனபாலிடம் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் தண்ணீரைப் பார்த்து ஓட்டினார். என் கணவர் முன்னால் உட்கார்ந்து கொக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் கேபினுக்குள் போய்ச் சும்மா ஐந்து நிமிடம் சாயலாம் என்று படுத்தேன். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. கரைக்குத் திரும்பிக் கயிறு கட்டி முடித்த பிறகு அவர்கள்தான் என்னை எழுப்பினார்கள்.