கடைசி ஆள் மூட வேண்டிய கேட்

எனிட் தாக்ரேக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் கஸ்டர்ட் ஊற்றிய காலத்திலேயே, இரண்டாம் தடவை வரிசையில் நுழையும் பிள்ளையை முழியை வைத்தே பிடித்துவிடுவாள். ஓய்வு பெற்றதும் அந்தக் கண் சும்மா இருக்குமா? ஞாயிறு நடைக் குழுவுக்குத் தலைவியானாள்.

இடிந்த மடாலயத்திலிருந்து மேட்டுநிலத்து உச்சிக்குப் போகும் வழி, ஆடு வளர்க்கும் ரைஸ்ட்ரிக்கின் மேய்ச்சல் நிலத்துக்குள் போகிறது. அவர் மனசு வைத்துத்தான் விடுகிறார். போன மாதம் யாரோ கேட்டைத் திறந்து போட்டதில் ஆடுகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. "இன்னொரு தடவை நடந்துச்சு, வழிக்கே பூட்டுதான்," என்று சொல்லிவிட்டார். வழி போனால் குழு போச்சு. குழு போனால் எனிட்டுக்கு வீட்டுச் சுவர்தான் துணை.

யார் அந்த ஆள்? புதிதாகச் சேர்ந்த கிளைவ்தான், வேறு யார்! பளபளக்கும் பூட்ஸும், எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பும். இன்று வேண்டுமென்றே அவனைக் கடைசியில் வரவிட்டாள். கடைசி ஆள்தான் கேட்டை மூட வேண்டும்.

"கொண்டி சரியா விழணும், கிளைவ்."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க, எனிட். என் பொண்டாட்டிகூட இவ்வளவு நச்சரிச்சதில்ல."

சிரிக்கிறதைப் பார்! அவன் மேலேறியதும், தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டதாகப் பொய் சொல்லிக் கீழே இறங்கினாள். கேட் மூடித்தான் இருந்தது. ஒப்புக்கு மூடியிருப்பான் என்று கொண்டியைத் தூக்கினாள், கேட்டை இழுத்தும் பார்த்தாள். ஒரு குறையும் அகப்படவில்லை. எரிச்சலாக வந்தது. அதற்குள் மேலேயிருந்து, குழுவோடு ஏறிக்கொண்டிருந்த மியூரியல், "எனிட்! டெரிக் சேத்துல மாட்டிக்கிட்டான், ஓடி வா!" என்று கத்த, போட்டது போட்டபடி ஓடினாள்.

உச்சியில் எல்லோரும் சாண்ட்விச்சைப் பிரித்த நேரம், ரைஸ்ட்ரிக் பைக்கில் ஏறி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கேட் ஆ-ன்னு கிடக்கு. ஆடெல்லாம் ரோட்டுல. கடைசியா வந்தது யாரு?"

எல்லார் கண்ணும் கிளைவ் மேல். இத்தனை வாரமாக அவன்தான் என்று எனிட் எல்லார் காதிலும் ஓதியது வீண்போகுமா?

"நான்தாங்க," என்றான் கிளைவ். சிரிப்பு எங்கோ போயிருந்தது. "மூடினேனே... மூடலையோ?"

"இந்த ஆளை இனிமே கூட்டிட்டு வராதீங்க, எனிட். வழிய விட்டுடறேன். சம்மதமா?"

தலையை ஆட்டினால் போதும். எனிட் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"அவர் மூடினார்," என்றாள். "திறந்தது நான்."

"நீங்களா? எதுக்குத் திறந்தீங்க?"

"மூடியிருக்காரான்னு பாக்க."