முந்தலில் ஏறிய அக்கா

சண்டை முடிந்து நாலாம் வருஷம், நோன்புக்கு முந்திய மாதத்தில், எனக்கு மார்பில் புற்றுநோய் என்று சொன்னார்கள். நான் கடற்கரை ஊரான பள்ளிவாசல்துறையைச் சேர்ந்தவள். கணவருக்குக் கடல் தொழில். சத்திரசிகிச்சையைத் தாங்கிக்கொண்டேன். அதன் பிறகு கொழும்பில் ஏற்றிய மருந்தைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு தடவை ஏற்றினார்கள். விழுங்கக் குளிசை தந்தும் வாந்தி நிற்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடும். மணம் தாங்காமல் வீட்டில் மீன் ஆக்குவதையே விட்டுவிட்டோம். மூன்றாம் தடவை போகும் நாள் விடியல் சுபஹ் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் கிடந்து அழுதேன். நோயைச் சுகமாக்கு என்று கேட்கக்கூட மனதில் பலமில்லை. "யா அல்லாஹ், ஒரு வாய் கஞ்சி என் வயிற்றில் தங்கட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

பிறகு கணவரிடம் சொன்னேன்.

"மருந்து போதுமெண்டு டொக்டர்கிட்டச் சொல்லிட்டு வந்திருவம்."

"சரி, வா. போய்ச் சொல்லுவம்" என்றார்.

பஸ்ஸில் ஏறியதுமே, ஆஸ்பத்திரி நினைப்பிலேயே வயிறு புரட்டியது. வழியில் முந்தல் என்ற ஊரில், பக்கத்து ஊரான உடப்பைச் சேர்ந்த ஒரு தமிழ் அக்கா ஏறி, என் மறுபக்கத்தில் உட்கார்ந்தார். நான் பையில் வாந்தி எடுப்பதைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை.

"மருந்து ஏத்துறீங்களோ தங்கச்சி?"

"ஓம்."

"நானும் ஏத்தினனான். கையைத் தாங்க."

உள்ளங்கையை மேலே திருப்பினார். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் வைத்து, இரண்டு நரம்புக்கும் நடுவில் பெருவிரலால் அழுத்தினார்.

"நோகப்படாது. மெல்ல அமத்திச் சுத்தோணும். வார்டில நேர்ஸ் காட்டித் தந்தவ."

சிலாபம் வரும்வரை கைகளை மாற்றி மாற்றி அழுத்தினார். புரட்டல் மெல்ல அடங்கியது. கணவர் பிஸ்கட் ஒன்றை நீட்டினார். தின்றேன். அது தங்கியது. அழுகை வந்துவிட்டது.

டொக்டரிடம் சொல்ல நினைத்ததை நான் சொல்லவில்லை. மருந்தை ஏற்றிக்கொண்டேன். அவர் குளிசையை மாற்றித் தந்தார். அழுத்துவதில் தவறில்லை, ஆனால் குளிசையை விடக்கூடாது என்றார். அதன் பிறகு கணவர்தான் அழுத்திவிடுவார். வலை இழுத்துக் காய்த்த விரல். முதலில் நொந்தது. போகப்போகப் பக்குவம் படித்துக்கொண்டார்.

வாந்தி முழுவதும் நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன். கஞ்சி தங்கியது. மருந்தையும் கடைசிவரை ஏற்றி முடித்தேன். அல்ஹம்துலில்லாஹ், இன்று சுகமாக இருக்கிறேன். அந்த அக்காவைப் பிறகு காணவில்லை. அவருக்காகத் துஆக் கேட்காத நாள் இல்லை.

முன்பெல்லாம் பெரிய காரியத்துக்குத்தான் துஆ என்று இருந்தேன். இப்போது சின்னதையும் கேட்கிறேன். வாந்திக்குப் பயந்து மருந்தை விட நினைக்கும் சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், வைத்தியத்துக்குப் புறப்படுங்கள். உதவி யாருடைய கையில் வரும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.