திரையில் சிவந்த அத்தியாயம்

எங்கள் பல்கலைக்கழக நூலகம் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நடத்திய பயிற்சிப் பட்டறைக்கு நான் போனதே சான்றிதழுக்காகத்தான். அது இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க விடமாட்டார்கள். தேடுவது எப்படி, மேற்கோள் காட்டுவது எப்படி என்று முழுநாள் உட்காரவைத்துச் சொல்லித்தர நாங்கள் என்ன எல்கேஜியா என்று பக்கத்து நாற்காலித் தோழியிடம் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகர் மேடம், காப்பியடித்த எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைக் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். ஒரு கட்டுரையை உள்ளே போட்டால், ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப்போகும் வரிகளைச் சிவப்பாகக் காட்டும். சோதித்துக் காட்ட யாராவது தங்கள் எழுத்தைத் தர முடியுமா என்று கேட்டார். எல்லோரும் குனிந்து மொபைலைப் பார்த்தார்கள். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. மூன்றாம் அத்தியாயம் இருந்த பென்டிரைவை எடுத்து நீட்டினேன்.

பெருமைக்குத்தான் நீட்டினேன், மறைப்பானேன். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்களை அவர்கள் தங்கியிருக்கும் அறைகளுக்கே தேடிப்போய்ப் பேசி, வரிவரியாக நானே எழுதியது அது. ஒரு வருஷத்துக்கு மேலாக என் ஆய்வை வழிநடத்தும் கைடிடம் திருத்தத்துக்காகக் கிடந்தது. எப்போது கேட்டாலும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவசரப்படாதே என்பார். அதற்கு மேல் கைடிடம் யாரும் கேட்பதில்லை. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் டாக்டர் பட்டம் கிடையாது.

திரை முழுக்கச் சிவந்தது. முதலில் புரொஜெக்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மேடம் நகர்த்த நகர்த்தப் பக்கம் பக்கமாகச் சிவப்பு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தெரியாமல் இப்படிச் செய்துவிடுவது சகஜம், அதற்காகத்தான் இந்த வகுப்பே என்று மேடம் சங்கடத்தோடு சமாதானம் சொன்னார். எனக்கு மானம் கப்பலேறிவிட்டது. நான் எங்கிருந்தும் எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

எந்தக் கட்டுரையோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க மேடம் சொடுக்கினார். சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை. தலைப்புகூட என்னுடையதுதான். அதன் கீழே என் கைடின் பெயர். அவர் பெயர் மட்டும்.

தூக்கிவாரிப்போட்டது. மாணவர்களின் கட்டுரையில் கைடின் பெயரையும் சேர்ப்பது எங்களிடம் வழக்கம்தான். அவர் பெயரை முதலில் போடச் சொல்லியிருந்தால்கூட முணுமுணுத்துக்கொண்டே போட்டிருப்பேன். என் பெயரே இல்லாமல் போகும் என்று கனவிலும் நினைத்ததில்லை. மேடம் சட்டென்று திரையை அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

நேராகத் துறைக்குப் போனேன். கைடு அறையில் தனியாக இருந்தார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஆம்பூர்க்காரியான என்னிடம் மட்டும் தமிழில்தான் பேசுவார், எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. நடந்ததைச் சொன்னேன். மறுப்பார், கோபப்படுவார், குறைந்தபட்சம் திடுக்கிடவாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ப்ரமோஷனுக்கு ஒரு பேப்பர் தேவைப்பட்டுச்சும்மா. உனக்கென்ன நஷ்டம்? அந்தச் சாப்டரை உன் சொந்த வார்த்தையில திருப்பி எழுதிடு, சாஃப்ட்வேர் புடிக்காது. நான் உடனே சைன் பண்ணிடறேன்."

அவர் எடுத்துக்கொண்டதைவிட, அதைச் சொன்ன குரலில் இருந்த அக்கறைதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

"அதுதான் சார் என் சொந்த வார்த்தை," என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"கதவைச் சாத்திட்டுப் பேசும்மா," என்றார்.

நான் சாத்தவில்லை.