பதில் வராத கட்டம்

ஐரோப்பாவில் எந்த நாடு எவ்வளவு நிலக்கரியைச் சுட்டு உலைகளுக்கான கோக் கரி ஆக்கியது, எவ்வளவு பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கட்டிகளாக்கியது என்று அட்டவணை போடுவது பாரிஸில் என் வேலை. நாட்டுக்கு ஒரு வரி, ஆண்டுக்கு ஒரு கட்டம். 2009இல் அநேக வரிகள் தடாலென்று விழுந்தன. அடுத்த ஆண்டு கொஞ்சம் எழுந்தன. பிறகு மெல்லச் சரிந்தன.

ஒரு விதி உண்டு. உற்பத்தி இல்லை என்று நாடே எழுதினால் பூஜ்ஜியம். பதிலே வராவிட்டால் இரண்டு புள்ளி, அதாவது 'தெரியவில்லை'. ஒரு குளிர்காலத்தில் ஒரு சிறிய நாடு பதில் அனுப்பவில்லை. அதன் வரி ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. இனி அங்கே என்ன எரியப் போகிறது என்று நானே பூஜ்ஜியம் போட்டு அனுப்பினேன். போட்ட கையோடு காய்ச்சலில் படுத்தேன்.

மூன்று வாரம். நான் குடியிருக்கும் லா சப்பல் பகுதியில் ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்கத் தமிழ்தான். என் கதவைத் தட்டத்தான் ஆளில்லை. கீழே காய்கறிக் கடை அண்ணை மட்டும் சனிக்கிழமைதோறும் எனக்கென்று ஒரு கட்டு முருங்கைக்கீரை எடுத்து வைப்பார். நான் இருக்கிறேன் என்பதற்கு இந்த ஊரில் அந்தக் கட்டு ஒன்றுதான் சாட்சி. அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

எழுந்து நடக்க முடிந்த முதல் சனிக்கிழமை கடைக்குப் போனேன். கீரை இல்லை.

"என்ன தங்கச்சி, இஞ்சையே நிக்கிறியள்? நான் நீங்கள் இந்தியாவுக்குப் போட்டியள் எண்டெல்லோ நினைச்சன். உங்கட கீரையை இப்ப வேறை ஒராளுக்குக் குடுக்கிறன்."

"மேலேதான் இருந்தேன் அண்ணா, நாலாவது மாடியில."

"ஓமோ? தெரியாமப் போச்சே" என்றவர் அடுத்த ஆளுக்கு வெண்டைக்காய் நிறுக்கத் திரும்பினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு வார்த்தை விசாரித்திருக்கக் கூடாதா? வேண்டாத கத்தரிக்காயை வாங்கிவந்தேன்.

திங்களன்று அலுவலகத்தில் அந்தச் சிறிய நாட்டுக் கணக்கர் தொலைபேசியில் வந்தார். அவர்களுடைய கோக் அடுப்புகள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றனவாம். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தானாம். அறுவை சிகிச்சைக்குப் போய் இப்போதுதான் திரும்பினாராம். அட்டவணையில் பூஜ்ஜியத்தைப் பார்த்தாராம்.

மன்னிப்புக் கேட்டேன். உடனே திருத்திவிடுவதாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பரவாயில்லை, மேடம்" என்றார். "ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்."